இத்தாலிய வீடுகளில் உண்மையிலேயே பருவம் பார்த்துத்தான் சமைக்கிறார்களா?

கனடாவில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "இத்தாலியச் சமையல் என்றாலே பருவத்துக்கேற்ற மரக்கறி என்கிறார்கள். எந்த மாதம் எதைச் சமைப்பது என்று ஓர் அட்டவணை தருவீர்களா? இன்றைக்கும் வீடுகளில் அப்படித்தான் நடக்கிறதா, இல்லை வெறும் பெருமைப் பேச்சா?" அட்டவணை எங்கே தேடினாலும் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டும் சமைக்க வராததால்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. காலையில் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர், இன்றைக்கு என்ன சமையல் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்? உங்கள் கேள்வியை நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவில் உள்ள பாலெர்மோவில் வீடுகளில் சமையல் வேலை செய்து வருகிறேன். இந்த ஊரில் உள்ள இலங்கைத் தமிழரில் கனபேர் வீட்டு வேலைதான் பார்க்கிறார்கள். வீட்டுக்கார அம்மாக்களுடன் ஒரே குசினியில் நின்று வருடக்கணக்காகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உணவகச் சமையல் எனக்குப் பழக்கமில்லை. சிசிலியைப் பற்றி, அதிலும் மேற்குச் சிசிலியைப் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். வடக்கு இத்தாலியில் சாப்பிட்டிருக்கிறேன், சமைத்ததில்லை. அந்த வித்தியாசம் சின்னதில்லை. 1861 வரை இத்தாலி ஒரே நாடாகவே இருக்கவில்லை. சமையல் இன்றும் ஊருக்கு ஊர் வேறு. வெனிஸ்காரர்கள் ஏப்ரல் 25 அன்று, புனித மாற்குவின் திருநாளில், புதுப் பட்டாணியும் அரிசியும் சேர்த்துக் குழைவாக ஒரு சோறு சமைப்பார்கள். பட்டாணிக் கோதுகளை அவித்து வடித்த தண்ணீரில்தான் அரிசி வேகும். பீட்மான்ட்டில் குளிர் தொடங்கியதும் நெத்தலி, உள்ளி, எண்ணெய் மூன்றையும் மெல்லிய நெருப்பில் கரையவிட்டு, மரக்கறித் துண்டுகளை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இந்த இரண்டையும் பாலெர்மோ வீடுகளில் நான் சமைக்கக் கண்டதில்லை. ஆக, இத்தாலி முழுவதுக்கும் பொதுவான ஒரு பருவ அட்டவணை கிடையாது. ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு படிப்பதுதான் வழி. எனக்குத் தெரிந்த ஊர் இதுதான்.

முதலில் காலநிலை. ஐரோப்பா என்றதும் கோடையில் பச்சை, குளிர்காலத்தில் வெறுமை என்று நினைப்போம். சிசிலியில் தலைகீழ். மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் மார்ச் வரைதான். ஜூன் பிறந்தால் புல் காய்ந்து மலையெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். அதனால் கீரைகள், கோவா வகைகள், ஆர்டிசோக் (இதழ் அடுக்கான ஒரு பூமொட்டு மரக்கறி), பெருஞ்சீரகக் கிழங்கு, தோடம்பழம் எல்லாம் குளிர்காலச் சாமான்கள். தண்ணீர் இறைத்து வளர்க்கிற கத்தரிக்காய், தக்காளி, குடமிளகாய், சுரை கோடைக்கு உரியவை. இதற்கு மேல் குசினியில் பெரிதாக ஒன்றும் மாறாது. ஒலிவ் எண்ணெய், வெங்காயம், உள்ளி, உப்பிட்ட நெத்தலி, வறுத்த பாண் தூள், முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), பைன் பருப்பு, வினாகிரி, சீனி. இவை பன்னிரண்டு மாதமும் அலுமாரியில் இருக்கும். இவற்றோடு சேர்கிற மரக்கறிதான் மாறிக்கொண்டே வரும். அதனால் மாதத்துக்கு ஒரு ரெசிப்பி தேடுவதை விட, மூன்று நான்கு முறைகளைக் கைக்குப் பழக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

குளிர்காலத்தில் இருந்து தொடங்கினால் இது நன்றாக விளங்கும். நவம்பர் வந்தால் பலாரோ சந்தையில் இளம்பச்சை நிறப் பூக்கோவா குவியல் குவியலாக வந்து இறங்கும். அதில் செய்கிற பாஸ்தா அந்த மாதங்களில் பாலெர்மோ வீடுகளில் அடிக்கடி நடக்கும். ஒரு கிலோ அளவில் ஒரு பூவைப் பிரித்து, உப்புத் தண்ணீரில் விரலால் அழுத்தினால் நசிகிற பதம் வரை அவிக்க வேண்டும். மரக்கறி நறுக்கென்று இருக்க வேண்டும் என்று நினைத்து முன்னரே இறக்கினால் இந்தச் சாப்பாடு சரிவராது. பூவை அரிகரண்டியால் அள்ளி எடுத்துவிட்டு, தண்ணீரை ஊற்றாமல் அடுப்பிலேயே வையுங்கள். அகலத் தாச்சியில் எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, நாலைந்து நெத்தலித் துண்டைப் போட்டால் மெல்லிய நெருப்பில் தானே கரைந்துவிடும். ஒரு சின்னக் கைப்பிடி முந்திரிகை வற்றல், அதே அளவு பைன் பருப்பு, கொஞ்ச வெந்நீரில் ஊறிய குங்குமப்பூ. பிறகு பூக்கோவாவைச் சேர்த்து மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருங்கள், பூ இருந்த அடையாளம் போய் மஞ்சள் களியாகும் வரை. எடுத்து வைத்த தண்ணீரிலேயே பாஸ்தாவை அவிப்பதுதான் இதில் முக்கியம். மரக்கறியின் மணம் மாவுக்குள் இறங்குவது அப்போதுதான். 4 பேருக்கு 400 கிராம் போதும். கலந்து மூடி 5 நிமிடம் விட்டு, மேலே பாண் தூள் தூவிப் பரிமாறுவார்கள். பாண் தூள் என்றால் பழைய பாணைப் பொடித்து, சில துளி எண்ணெயில் கை விடாமல் கிளறிப் பொன்னிறத்துக்கு வறுத்தது. ஏழை வீடுகளில் சீஸுக்குப் பதிலாக வந்தது என்பார்கள். இன்று வசதியான வீடுகளிலும் இந்தப் பாஸ்தாவுக்குப் பாண் தூள்தான் வேண்டும். மரக்கறி அவித்த தண்ணீரில் பாஸ்தா அவிக்கும் இதே பழக்கம் புலியா மாநிலத்திலும் உண்டு. அங்கே கைப்பான ஒரு குளிர்காலக் கீரையோடு காது வடிவப் பாஸ்தாவை ஒரே பானையில் போடுவார்கள்.

தோடம்பழம் இங்கே மரக்கறி மாதிரியும் சாப்பாட்டு மேசைக்கு வரும். வட்டமாக அரிந்த பழம், மெல்லியதாகச் சீவிய பெருஞ்சீரகக் கிழங்கு, கறுப்பு ஒலிவ் காய், உப்பு, எண்ணெய், அவ்வளவுதான். உள்ளே சிவந்திருக்கும் தோடம்பழம் எத்னா எரிமலையைச் சுற்றிய பக்கத்தில்தான் நன்றாக வரும். காரணம் தெளிவானது. பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் இடையில் வித்தியாசம் கூடினால்தான் பழத்தில் அந்தோசயனின் என்ற நிறப்பொருள் சேரும். அதனால் டிசெம்பர் தொடக்கத்தில் வாங்கிய பழம் உள்ளே சிவக்காமல் இருந்தால் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள், ஜனவரி கடைசி வரை பொறுங்கள். பாலெர்மோவுக்கு என்று சியாகுல்லி பக்கத்தில் விளையும் பிந்திய மண்டரின் ஒன்று இருக்கிறது. மற்ற மண்டரின்கள் எல்லாம் முடிகிற நேரத்தில் வந்து மார்ச் வரை நிற்கும். அதைப் போல இனிப்பான மண்டரினை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

குளிர்காலத்தில் ஒரு நாள் மட்டும் பாலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். டிசெம்பர் 13, புனித லூசியா நாள். அன்று பொரித்த சோற்று உருண்டை, கொண்டைக்கடலை மாவில் செய்த பொரியல், முழுக் கோதுமையை ஊறவைத்து அவித்து இனிப்பு ரிகோட்டா என்ற மெதுவான சீஸுடன் பிசைந்தது, இவைதான் சாப்பாடு. வழக்கம் நூற்றுக்கு நூறு உண்மை, வருடா வருடம் நானே சமைக்கிறேன். அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன். 1646 பஞ்சத்தில் தானியக் கப்பல் ஒன்று வந்ததாம், மாவாக அரைக்கக்கூடப் பொறுமை இல்லாமல் சனங்கள் அப்படியே அவித்துத் தின்றார்களாம். தீவின் கிழக்குக் கரையில் உள்ள சிராகூசாக்காரர்கள் அந்தக் கப்பல் தங்கள் துறைமுகத்துக்குத்தான் வந்தது என்கிறார்கள்.

ரிகோட்டாவுக்கும் பருவம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இங்கே அது செம்மறியாட்டுப் பாலில் வருவது. மழைக்குப் பிறகு புல் முளைத்து, ஆடுகள் மேய்ந்து, குட்டி போட்டுப் பால் பெருகுவது குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான். கோடையில் புல்லும் இல்லை, பாலும் வற்றும். ரிகோட்டா நிறைந்த இனிப்புகள் கார்னிவல் நாட்களிலும் உயிர்த்த ஞாயிற்றிலும் வந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆகஸ்டில் அதே இனிப்பு சுற்றுலாக்காரருக்குக் கிடைக்கும். வீட்டில் அந்த வெயிலில் யாரும் அதைத் தேடுவதில்லை.

மார்ச் 19, புனித சூசையப்பர் நாள், குசினியில் ஒரு திருப்பம். காய்ந்த ஃபாவா அவரையை உருத்தெரியாமல் கரைய அவித்து, காட்டுப் பெருஞ்சீரகக் கீரை போட்டுக் கூழ் செய்வார்கள். பழைய தானியங்களையும் அவரையையும் தீர்த்துவிட்டுப் புதியதற்கு இடம் விடுகிற நாள் அது. அடுத்த சில கிழமைகளில் பச்சை ஃபாவா சந்தைக்கு வந்துவிடும்.

வருடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம் அதற்குப் பிறகு வருவது. ஏப்ரலில் கொஞ்ச நாள் மட்டும் கடைசி ஆர்டிசோக்கும் முதல் ஃபாவாவும் முதல் பட்டாணியும் ஒன்றாகக் கிடைக்கும். மூன்றையும் சேர்த்து ஃப்ரித்தெத்தா என்ற கறி சமைப்பார்கள். ஆர்டிசோக்கின் வெளி இதழ்களைக் கழற்றி எறியும்போது கை நடுங்கும், பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகும். ஆனால் தயங்கி விட்டு வைத்தால் வாயில் நார் தட்டும். வெட்டிய உடனே எலுமிச்சைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். வெங்காயத் தாளை எண்ணெயில் வதக்கி, முதலில் ஆர்டிசோக், அது பாதி வெந்ததும் ஃபாவா, கடைசியில் பட்டாணி. ஒரு கோப்பைத் தண்ணீருக்கு மேல் வேண்டாம். கரண்டி போட்டுக் கிண்டாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள், இல்லாவிட்டால் மசிந்துபோகும். இறக்கும் முன் கொஞ்சம் வினாகிரியும் ஒரு சிட்டிகை சீனியும். ஆறிய பிறகு சாப்பிட வேண்டும். ரோமிலும் இதே நாட்களில் இதற்கு உறவான ஒரு கறி உண்டு. அதில் லெட்டூஸ் சேரும், பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் சேரும், வினாகிரி சேராது. பாலெர்மோவுக்குக் கிழக்கே செர்தா என்ற ஊரில் ஏப்ரல் 25 அன்று ஆர்டிசோக் திருவிழாவே நடக்கும்.

ஃபாவா பற்றி ஓர் எச்சரிக்கை. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த அவரை, முக்கியமாகப் பச்சையாகச் சாப்பிட்டால், இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து உயிராபத்து வரை கொண்டுபோகும். சிசிலியிலும் சர்தீனியாவிலும் இந்தக் குறைபாடு உள்ள குடும்பங்கள் உண்டு, நம்மவர்களிலும் உண்டு. புதிய வீட்டில் சமைக்கும்போது இதைக் கேட்காமல் ஃபாவாவைத் தொடமாட்டேன்.

வசந்தத்தின் இன்னொரு பெயர்பெற்ற சாப்பாடு சாளை மீன் பாஸ்தா. மலையோரங்களில் காட்டுப் பெருஞ்சீரகம் இளசாக நிற்கும்போதே கடலில் சாளையும் நிறையக் கிடைக்கும். செய்முறை பூக்கோவாவுக்குச் சொன்னதேதான்: கீரையை அவி, அந்தத் தண்ணீரில் பாஸ்தா, வெங்காயம், நெத்தலி, வற்றல், பைன் பருப்பு, குங்குமப்பூ, பாண் தூள். பூக்கோவா இருந்த இடத்தில் கீரையும் மீனும். 827 இல் அரபுப் படை மசாராவில் இறங்கியபோது, படையின் சமையல்காரர் கரையில் கிடைத்ததை எல்லாம் போட்டு இதைக் கண்டுபிடித்தார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். படை இறங்கியது வரலாறு. சமையல்காரர் கதையை நான் நம்புவதில்லை. கத்தரிக்காயும் எலுமிச்சையும் அரபுக்காரர் வழியாக இந்தத் தீவுக்கு வந்தன என்பது வேறு விஷயம், அதை நம்பலாம்.

கோடையில் கத்தரிக்காய்தான் ராசா. கப்பொனாத்தா என்ற கூட்டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொரித்த கத்தரிக்காய், செலரி, ஒலிவ், கேப்பர் என்ற உப்பிட்ட பூமொட்டு, தக்காளி, வினாகிரி, சீனி. செலரியைத் தனியாக அவித்துச் சேர்ப்பதும், செய்த அன்றே சாப்பிடாமல் மறுநாள் வரை வைப்பதும்தான் வீட்டுக் கப்பொனாத்தாவின் அடையாளம். ஆர்டிசோக் காலத்தில் அதை வைத்தே கப்பொனாத்தா செய்கிற வீடுகளும் உண்டு. முறை ஒன்று, மரக்கறி வேறு என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆனால் கோடையில் நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுவது சுரைக் கொழுந்து. நம்முடைய சுரைக்காயின் நீண்ட வகை ஒன்று சிசிலியில் பந்தலில் தொங்கும், ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். காயை விட அதன் கொழுந்தும் இலையும்தான் இவர்களுக்கு உயிர். ஜூலையில் சந்தையில் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். தண்டின் நாரை உரித்து, இலையில் சுணை இருப்பதால் மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவி, அரிந்து உப்புத் தண்ணீரில் அவிப்பார்கள். பக்கத்துத் தாச்சியில் எண்ணெய், உள்ளி, தோல் உரித்த தக்காளி. இரண்டையும் ஒன்றாக்கி, ஸ்பகெட்டியைக் கையால் சின்னச் சின்னதாக ஒடித்துப் போட்டுத் தண்ணியாகவே இறக்குவார்கள். 40 பாகை வெயிலிலும் இதை இளஞ்சூடாகக் குடிப்பார்கள், வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று சொல்லித்தான். அப்படிக் குளிர்ச்சியா என்று கேட்டால் எனக்கு அதில் உறுதி இல்லை. ருசி உறுதி.

ஆகஸ்டில் தக்காளி. பெட்டி பெட்டியாக வாங்கி, கழுவி, வெட்டி, அவித்து, தோலையும் விதையையும் பிரிக்கிற யந்திரத்தில் விட்டு, பேசில் இலை போட்ட போத்தல்களில் நிரப்பி மூடுவார்கள். போத்தல்களைப் பழந்துணியால் சுற்றி ஒரு பெரிய பீப்பாயில் அடுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் வெடிக்கும். குடும்பம் முழுக்கக் கூடிச் செய்கிற வேலை, ஒரு நாளில் அடுத்த வருடத்துக்கான சாறு வீட்டுக்கு வந்துவிடும். சாற்றைப் பலகையில் பரப்பி வெயிலில் சுண்டவைத்து எடுக்கும் களியும் உண்டு. பத்துக் கிலோ பழத்துக்கு ஒரு கிலோ அளவுதான் தேறும், அதனால் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தக்காளிச் சாப்பாட்டை யாராவது ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்றால் நம்ப வேண்டாம். தக்காளி அமெரிக்கக் கண்டத்தில் இருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்தது. தக்காளிச் சாறு செய்முறை இத்தாலியில் அச்சில் வந்ததே 1690களில், நேப்பிள்ஸில்.

இலையுதிர்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அப்போது சமையலை விடச் சேமிப்பு வேலைதான் அதிகம். ஒலிவ் பறித்துப் புது எண்ணெய் வரும். அந்தச் சில நாட்களுக்குச் சுட்ட பாணில் அதை ஊற்றிச் சாப்பிடுவதை விட வேறெதுவும் தேவைப்படாது. பூசணியைத் தடித்த துண்டாகப் பொரித்து உள்ளி, புதினா, வினாகிரி, சீனி சேர்த்து வைப்பார்கள். நாகதாளிப்பழத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஜூனில் முதல் பூக்களை வேண்டுமென்றே தட்டிவிடுவார்கள். செடி மறுபடியும் பூத்து, மழை பிடித்துக்கொண்டு, ஒக்டோபர் நவம்பரில் பெரிய, சாறு கூடிய பழமாகத் தரும். சந்தையில் விலை கூடியது இந்த இரண்டாவது பழம்தான், கொடுக்கிற காசுக்குக் குறையில்லை.

சரி, இன்றைக்கும் இப்படித்தானா? தக்காளியும் கத்தரிக்காயும் சிசிலியிலேயே வருடம் முழுக்க விளைகின்றன. தெற்கே வித்தோரியா பக்கம் போனால் பிளாஸ்டிக் கூடாரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். சூப்பர்மார்க்கெட்டில் ஜனவரியிலும் எல்லாம் கிடைக்கும். இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் உறைந்த பட்டாணியும் உறைந்த ஆர்டிசோக்கும் சாதாரணம். ஆகவே வேறு வழியில்லாமல் பருவத்தோடு சமைத்த காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் நான் வேலை செய்த வீடுகளில், குறிப்பாக வயதான அம்மாக்கள் இருக்கும் வீடுகளில், டிசெம்பரில் சுரைக் கொழுந்தைப் பற்றிப் பேச்சே எழாது. அவர்கள் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று விலை: முதல் கிழமை விலை கூட, சந்தை நிறைந்ததும் பாதியாகும், அப்போதுதான் வாங்குவார்கள். மற்றது, போன வருடம் இதே பொருள் எப்படி ருசித்தது என்ற ஞாபகம். வீடுகளுக்குள் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். இளம் தலைமுறை முழுவதையும் பற்றி என்னால் உத்தரவாதம் தர முடியாது.

கனடாவில் உங்கள் கணக்கு வேறாகத்தான் இருக்கும், இந்த மாதங்களை அப்படியே பின்பற்றாதீர்கள். பூக்கோவா பாஸ்தாவில் தொடங்குங்கள், அதற்குத் தேவையான எதுவும் அங்கே அரிதில்லை. வெள்ளைப் பூக்கோவாவே போதும், குங்குமப்பூ நிறத்தைப் பார்த்துக்கொள்ளும். காட்டுப் பெருஞ்சீரகம் கிடைக்காது. கடையில் விற்கும் பெருஞ்சீரகக் கிழங்கின் மேல் தழையோடு ஒரு கரண்டி பெருஞ்சீரகத்தை இடித்துச் சேர்த்தால் ஓரளவு கிட்ட வரும். குளிர்காலத்தில் நிறமில்லாத புதுத் தக்காளியைக் காசு கொடுத்து வாங்காமல் டின்னில் வரும் முழுத் தக்காளியை எடுங்கள், இங்கேயும் சேமித்த சாறு தீர்ந்த வீடுகளில் அதைத்தான் திறக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் சுரைக்கொடி போட்டிருக்கும் தமிழர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஜூலை ஆகஸ்டில் நுனிக் கொழுந்துகளைக் கேட்டு வாங்குங்கள். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுக் கூடவே காய்க்கும், அதனால் மறுக்க மாட்டார்கள்.